எல்லை தாண்டும் மின்சாரம்: ஒரு வரலாற்றுப் பார்வை



"வரலாறு படித்தவர் நீங்கள், வரலாற்றில் ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராஜராஜனைப் பற்றியும் ராபர்ட் கிளைவைப் பற்றியும் எழுத நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இந்தக் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மின்வாரியக் கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரு விஷயம் எழுதலாம் என்று தோன்றியது. ஒரு நாட்டின் கரண்ட் இன்னொரு நாட்டுக்குப் போவதென்றால் அதற்கு என்ன சட்டம்? அந்தச் சட்டம் எப்படி வந்தது? நம் கடலோர மக்களுக்கு அதில் என்ன இருக்கிறது? இவ்வளவுதான் என் கட்டுரை.

ஏரியும் எல்லையும்

என் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா. எங்கள் தாத்தா காலத்தில் இந்த எல்லையே கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே சென்னை மாகாணம். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. பிறகு படாஸ்கர் தீர்ப்பின்படி 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் இன்றைய எல்லை அமைந்தது. ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம், தென்கோடி இந்தப் பக்கம்.

வரைபடத்தில் கோடு போட்டாச்சு. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் அது தெரியுமா? நாம் பிடிக்க வேண்டியதை அவர்கள் பிடித்துவிட்டார்கள், அவர்கள் தண்ணீரில் நாம் வலை போட்டுவிட்டோம் என்று இரு மாநில மீனவர்களுக்கும் இடையே சண்டை பல தடவை வந்திருக்கிறது.

ஆனால் இதே ஏரியின் தென்பகுதிக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடங்கள் கொஞ்சம்தான். சுத்துவலை போடுகிறவர்களோ நிறைய. யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை போடுவது என்பதைத் தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொள்வார்கள். எழுதின சட்டமில்லை, கோர்ட்டில்லை. இருந்தாலும் முறை என்றால் முறைதான். இந்தப் பாட்டிலும் குறை உண்டு. முறையில் சேராத குப்பத்தாரும், சேர்க்கப்படாத சமூகத்தாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அதையும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மின்சாரமும் கிட்டத்தட்ட ஏரித் தண்ணீர் மாதிரிதான். இரண்டு மின்தொகுப்புகளை இணைத்துவிட்டால், இது உன் யூனிட், இது என் யூனிட் என்று பிரித்துப் பார்க்க முடியாது. கம்பியில் எந்த வழி எளிதோ அந்த வழிகளிலெல்லாம் பகிர்ந்து ஓடும். எல்லையில் மீட்டர் வைத்து, மொத்தம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்குப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே எல்லை தாண்டும் மின்சாரத்தில் கம்பியைவிடப் பெரிய வேலை காகித வேலை. யார் கொடுப்பது, யார் வாங்குவது? விலை என்ன? நடுவில் இருக்கிறவனின் லைனுக்கு வாடகை என்ன? தகராறு வந்தால் எங்கே போவது? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதின பிறகுதான் டவர் நட முடியும்.

ஜெனீவாவில் தொடங்கிய கதை

இந்தக் கேள்விகளை உலக நாடுகள் முதன்முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேசி எழுதியது 1923-ல். முதல் உலகப் போர் முடிந்து, சர்வதேச சங்கம் ஏற்பட்டிருந்த காலம். அந்த ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ஜெனீவாவில் இரண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று, மின்சாரத்தை ஒரு நாட்டின் வழியாக இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போவது பற்றியது. மற்றது, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளைத் தொடும் ஆறுகளில் நீர்மின்சாரம் எடுப்பது பற்றியது. அப்போது நம் பக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையமே வரவில்லை. அது வந்தது 1932-ல்.

முதல் உடன்படிக்கையின் சாரம் இது. பக்கத்து நாடு கேட்டால், உன் மண்ணின் வழியாக மின்சாரம் போக வழிவிடுவது பற்றிப் பேச வேண்டும். பொருளாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ கெடுதல் என்றால் மறுக்கலாம். சும்மா கடந்து போகிறது என்பதற்காகவே தனியாக வரி போடக்கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் 'பேச வேண்டும்' என்பதுதான் கடமை, 'கொடுக்க வேண்டும்' என்பது அல்ல. அதை ஏற்று உறுதிப்படுத்திய நாடுகளும் குறைவு. ஐரோப்பாவில் உண்மையான இணைப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வளர்ந்தது. 1951-ல் மேற்கு ஐரோப்பிய மின் நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்திக் கொண்டன. 1958-ல் ரைன் நதிக்கரையில் உள்ள லாஃபன்புர்க் என்ற சுவிஸ் ஊரில் பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றின் உயரழுத்த லைன்களும் கூடின. மேலே இருந்து வந்த சட்டத்தைவிட, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடுதான் வேலை செய்தது. நம் பாடு மாதிரி!

பெரியாறு கற்றுத் தந்த பாடம்

இதற்கு ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. முல்லைப் பெரியாறு என்றால் நாம் எல்லோரும் அணையின் உயரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதற்குள் ஒரு மின்சார வழக்கு ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். அணை 1895-ல் முடிந்தது. எல்லாவற்றையும் எழுதினார்கள், மின்சாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. 1886-ல் யார் கண்டது?

பிறகு மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு விழும் அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று சென்னை அரசாங்கம் நினைத்தபோது, திருவிதாங்கூர் மறித்தது. "நாங்கள் தண்ணீர் கொடுத்தது பாசனத்துக்கு. கரண்ட் எடுக்க இல்லை" என்பது அவர்கள் வாதம். விவகாரம் குத்தகையில் இருந்த மத்தியஸ்த ஷரத்தின்படி போய், நடுவர்கள் இருவருக்கும் ஒத்து வராமல், கடைசியில் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்ற தலைமை நடுவரிடம் வந்தது. 1941 மே மாதம் அவர் சொன்ன தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம்: ஒப்பந்தம் பாசனத்துக்கு மட்டுமே.

சுதந்திரம் வந்து, சமஸ்தானம் போய், இரண்டும் இந்தியாவின் மாநிலங்களாகி, பேச்சுவார்த்தை நடந்து, 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையம் வந்தது. ஆனால் அதற்கான துணை ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ஆம் தேதிதான்! நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்கு, 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய் என்று கேரளத்துக்குத் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. நான் கணக்குப் பிரிவுக்காரன், போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோவாட்-ஆண்டு என்றால் 8,760 யூனிட். 12 ரூபாயை அதால் வகுத்தால் ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்குகூட வராது.

இதிலிருந்து வரலாற்று மாணவர்கள் இரண்டு விஷயம் எடுத்துக் கொள்ளலாம். ஒன்று, ஒப்பந்தத்தில் எழுதாத விஷயம் பிற்காலத்தில் பூதமாக எழும்பும். இரண்டு, காலத்துக்கேற்ப மாற வழி வைக்காமல் ஒரு எண்ணை எழுதினால், அது ஒரு தரப்பின் நெஞ்சில் என்றைக்கும் முள்ளாக இருக்கும்.

இமயத்தின் அடிவாரத்தில்

சுதந்திர இந்தியா அயல்நாடுகளோடு செய்த மின்சார ஏற்பாடுகள் பெரும்பாலும் ஆற்று ஒப்பந்தங்களின் வாலாகத்தான் தொடங்கின. 1954-ல் நேபாளத்தோடு செய்த கோசி ஒப்பந்தத்தில், அணைக்கட்டில் எடுக்கும் மின்சாரத்தில் பாதி வரை விலை கொடுத்து வாங்கிக்கொள்ள நேபாளத்துக்கு உரிமை எழுதப்பட்டது. 1996 மகாகாளி ஒப்பந்தத்தில், தனக்பூர் மின்நிலையத்திலிருந்து வருஷத்துக்கு 7 கோடி யூனிட் இலவசம் என்று வந்தது.

பூட்டான் வேறு வழி போனது. 1974-ல் சுக்கா நீர்மின் திட்டத்துக்கு ஒப்பந்தம். 336 மெகாவாட். பணம் இந்தியா போட்டது: 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். பூட்டான் தன் தேவைக்குப் போக மீதியை இந்தியாவுக்கு விற்றது. 1980-களின் பிற்பகுதியில் அது ஓடத் தொடங்கிய பிறகு, மின்சாரம் விற்ற காசிலேயே அந்தச் சிறிய நாடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்த முடிந்தது.

பிறகு 2013 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்கு 500 மெகாவாட் இணைப்பு வந்தது. 2014 அக்டோபரில் நேபாளத்தோடு மின் வணிக ஒப்பந்தம். அடுத்த மாதமே காட்மாண்டு சார்க் மாநாட்டில், எட்டு நாடுகளும் சேர்ந்து மின்சார ஒத்துழைப்புக்கான கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

அதுவரை ஒவ்வொன்றும் அரசாங்கத்துக்கு அரசாங்கம் தனித்தனிப் பேச்சு. பொதுவான விதி என்று இந்தியா எழுதியது 2016 டிசம்பரில்தான். அந்த முதல் வழிகாட்டு நெறியில் ஒரு முடிச்சு இருந்தது. இந்தியருக்கு 51 சதவீதப் பங்கு உள்ள அயல்நாட்டு மின்நிலையத்துக்குத்தான் சுலபமாக அனுமதி. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும். நேபாளமும் பூட்டானும் முகம் சுளித்தன. 2018 டிசம்பரில் அதை மாற்றி எழுதினார்கள். 2019-ல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விரிவான ஒழுங்குமுறைகளைக் கொண்டு வந்தது. 2021-ல் நடைமுறை விதிகள். ஆனால் அதிலும் ஒரு தாழ்ப்பாள் உண்டு: இந்தியாவோடு நில எல்லை இருந்தும் மின்சார ஒப்பந்தம் இல்லாத மூன்றாவது நாட்டாருக்குப் பங்கு உள்ள மின்நிலையம் என்றால் தனிக் கவனம். பெயர் சொல்லாவிட்டாலும் அது சீனாவைக் குறித்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வழியில் 2021 நவம்பரில் நேபாளம் முதன்முதலாக 39 மெகாவாட்டை இந்திய மின்சாரச் சந்தையில் விற்றது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் கையெழுத்திட்டு, நேபாளத்தின் 40 மெகாவாட் இந்திய லைன் வழியாக வங்கதேசத்துக்குப் போக ஏற்பாடாயிற்று. 1923-ல் ஜெனீவாவில் 'கடந்து போகும் மின்சாரம்' என்று எழுதினார்களே, அது நம் மண்ணில் நடக்க நூறு வருஷம் ஆனது.

கசப்பும் உண்டு. ஜார்க்கண்டில் கோட்டா என்ற இடத்தில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம், முழுக்க வங்கதேசத்துக்காகவே 2017 ஒப்பந்தப்படி அதானி நிறுவனம் கட்டியது. 2023-ல் சப்ளை தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 12-ஆம் தேதி, ஏற்றுமதிக்காகவே கட்டிய நிலையமும் இந்தியாவுக்குள் விற்கலாம் என்று நம் விதி திருத்தப்பட்டது. பாக்கித் தொகை பெருகி, அக்டோபர் கடைசியில் சப்ளை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கப்பட்டது. நியாயம் யார் பக்கம் என்பது இருக்கட்டும். 1994-ல் லிஸ்பனில் கையெழுத்தான எரிசக்தி சாசன ஒப்பந்தத்தில், தகராறு தீரும் வரை இடைவழியில் உள்ள நாடு சப்ளையை நிறுத்தக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது இடைவழிக்குச் சொன்னது. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் என்ன என்பதை ஒப்பந்தத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியா அந்தச் சாசனத்தில் சேரவும் இல்லை.

மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு

இப்போது நமக்கு மிக அருகில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைக்கும் யோசனை 1970-களிலிருந்தே பேச்சில் உண்டு. 2010 ஜூன் மாதம் இரு அரசாங்கங்களும் சாத்தியக்கூறு ஆய்வுக்கு உடன்பாடு செய்துகொண்டன. மதுரையிலிருந்து அனுராதபுரத்துக்கு ஏறக்குறைய 285 கிலோமீட்டர். அதில் சுமார் 50 கிலோமீட்டர் கடலுக்கடியில். 1,000 மெகாவாட் வரை. அதன் பிறகு திட்டம் பல மாறுதல் கண்டது. 2023 ஜூலையில் டெல்லியில் வெளியான கூட்டு அறிக்கையில் இடம் பெற்றது. 2025 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில், இந்த இணைப்பை நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஏன் இவ்வளவு தாமதம்? தொழில்நுட்பம் இல்லாமலா? 1954-லேயே ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் காட்லாண்ட் தீவுக்குக் கடலடிக் கேபிள் போட்டு 20 மெகாவாட் கொண்டு போய்விட்டார்கள். அதே டி.சி. முறைதான் இங்கேயும். டி.சி. இணைப்பு ஒரு மதகு மாதிரி. எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவுதான் போகும், அந்தப் பக்கத்து வெள்ளம் இந்தப் பக்கம் பாயாது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவே இருண்டபோது நாம் விளக்கெரித்துக் கொண்டிருந்தோமே, அதற்குக் காரணம் அப்போது தென்னக மின்தொகுப்பு வடக்கோடு டி.சி. வழியாக மட்டும் இணைந்திருந்ததுதான். 2013 டிசம்பர் 31-ஆம் தேதிதான் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் மூலம் ஒரே தொகுப்பானோம்.

தடை கம்பியில் இல்லை, காகிதத்தில். இலங்கை முழுவதன் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாடு மட்டுமே 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. யானையும் ஆடும் ஒரே தொழுவத்தில் கட்டின மாதிரி. வாங்கிப் பழகிவிட்டு, நாளைக்குச் சுவிட்சை அவர்கள் அணைத்தால் என்ன செய்வது என்ற பயம் சின்ன நாட்டுக்கு வருவது நியாயமே. மறுபக்கம், தனியாக நிற்பதன் கஷ்டத்தையும் அவர்கள் பட்டுவிட்டார்கள். 2022 மார்ச் கடைசியில் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி பாணந்துறை சப்-ஸ்டேஷனில் ஒரு குரங்கு புகுந்து தீவு முழுக்க இருண்டதாக அமைச்சரே சொன்னார்.

விற்பதிலும் சிக்கல் இருக்கிறது. மன்னாரில் காற்றாலைகள் வந்திருக்கின்றன, இன்னும் வரும். ஆனால் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே ஆடி மாதத்தில்தான் நம் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. இரண்டு பேர் கையிலும் ஒரே நேரத்தில் சரக்கு இருந்தால் யாருக்கு விற்பது? அந்தக் கரண்ட் தமிழ்நாட்டைக் கடந்து வடக்கே போக வேண்டும். அப்படியானால் நம் லைனுக்கு வாடகை, வழியில் ஏற்படும் இழப்பு, எல்லாவற்றையும் எழுத வேண்டும். முன்னே சொன்ன நாலு கேள்வியும் அப்படியே வந்து நிற்கின்றன, பார்த்தீர்களா?

ஐந்தாவது கேள்வி

எனக்கு இதில் ஐந்தாவதாக ஒரு கேள்வி உண்டு. அந்தக் கேபிள் கிடக்கப் போகும் தண்ணீரில் பிழைக்கிறவனுக்கு ஒப்பந்தத்தில் எந்த இடம்?

கடலடிக் கேபிளும் மீன்வலையும் பழைய பகையாளிகள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே 1961-ல் 160 மெகாவாட் கேபிளைக் கடல் தரையின் மேலேயே போட்டுவிட்டார்கள். இழுவலைகளும் நங்கூரங்களும் சிக்கி அது திரும்பத் திரும்ப அறுந்தது. 1986-ல் புதிதாக 2,000 மெகாவாட் இணைப்பு போட்டபோது, பள்ளம் தோண்டிப் புதைத்துத்தான் போட்டார்கள்.

ஆனால் சட்டம் இந்த விஷயத்தில் மீனவனை முழுக்க மறந்துவிடவில்லை. தந்திக் கேபிள் காலத்தில், 1884-ல் பாரிசில் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. கேபிளுக்குச் சேதம் வரக்கூடாதே என்று ஒரு கப்பல்காரனோ மீனவனோ தன் நங்கூரத்தையோ வலையையோ அறுத்துவிட்டான் என்று நிரூபித்தால், அதற்கான நஷ்டத்தைக் கேபிளின் சொந்தக்காரன் கொடுக்க வேண்டும். மீனவன் முன்கூட்டியே கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதே விதி 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 115-ஆவது பிரிவாக இருக்கிறது. வலை என்பது மீனவனின் மூலதனம் என்று நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது! எங்கள் குப்பங்களில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆனால் சட்டக் கல்லூரி மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவு ஆழ்கடலுக்கும், அதைத் தொட்டுத் தனிப் பொருளாதார மண்டலத்துக்கும் உரியது. பாக் நீரிணையோ குறுகலான தண்ணீர். 1974 ஜூன் மாத ஒப்பந்தப்படி நடுவே கோடு போட்டு, அந்தப் பக்கம் இலங்கையின் முழு இறையாண்மை, இந்தப் பக்கம் இந்தியாவின் முழு இறையாண்மை என்று வைத்துவிட்டார்கள். ஆகவே உலகச் சட்டத்தின் அந்த வலைப் பாதுகாப்பு தானாக இங்கே வந்து சேராது. இரு அரசாங்கங்களும் தங்கள் ஒப்பந்தத்திலோ உள்நாட்டுச் சட்டத்திலோ அதைத் தனியாக எழுதினால்தான் உண்டு. எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? பெரியாறு குத்தகையில் மின்சாரத்தை எழுதாமல் விட்ட கதைதான் ஆகும். அடி தரையை வாரும் இழுவலையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. படகு பிடிபடுவதும் வழக்கும் சிறையும் ஏற்கெனவே உள்ள தண்ணீர் அது. அதில் 'கேபிளைச் சேதப்படுத்தினாய்' என்று ஒரு புதுக் குற்றமும் சேர்ந்தால், ராமேஸ்வரத்து மீனவனும் மன்னார் மீனவனும் எங்கே போவார்கள்?

நிலத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் வந்துவிட்டது. நிலத்தில் டவர் நட, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத்தான் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் எடுத்துக் கொண்டது. ரொம்ப காலம் பயிர்ச் சேதத்துக்கு மட்டும் ஏதோ கொடுத்தார்கள். விவசாயிகள் போராடினார்கள். 2015-ல் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று மத்திய அரசு வழிகாட்டியது. 2024 ஜூனில் அது 200 சதவீதமாக உயர்ந்தது. மகிழ்ச்சி. ஆனால் இதெல்லாம் பட்டா வைத்திருப்பவனுக்கு. பாடு வைத்திருப்பவனுக்கு? எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்த பிறகு, கழிமுகத்திலும் ஏரி முகத்துவாரத்திலும் பிழைத்தவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவனுக்கு நஷ்டஈட்டுப் படிவத்தில் பத்தி கிடையாது.

நான் மின்சாரத்துக்கு எதிரி அல்ல. அதில்தான் நான் சோறு தின்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும்போது விளக்கு அணையாமல் இருக்க, நம் மதுரையிலிருந்து கம்பி போகும் என்றால் அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? ஆனால் ஏரியில் பாடு முறை இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம், அதில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சீட்டுப் போட்டதுதான். சண்டை வந்ததெல்லாம் உட்கார வைக்கப்படாதவர்களிடமிருந்துதான். எல்லை தாண்டும் மின்சாரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். இரண்டு மின்வாரியங்களும் இரண்டு அமைச்சகங்களும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. கேபிள் பாதையைக் குறிக்கும் முன் இரு கரை மீனவர் சங்கங்களையும் கூப்பிட வேண்டும். ஆழப் புதைப்பது, பாதையைத் தமிழிலும் சிங்களத்திலும் வரைபடமாகக் கொடுப்பது, வலை இழந்தால் யாரிடம் எத்தனை நாளில் பணம் கேட்பது என்ற மூன்றையும் ஷரத்தாக எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்த் திட்டத்தில் இதற்கு ஆகிற செலவு பெரிதல்ல.

இளைய நண்பர்களுக்கு

இன்றைய மாணவர்களில் சட்டம் படிக்கப் போகிறவர்கள் இருப்பீர்கள், பொறியாளர்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் இருப்பீர்கள். இந்த ஒப்பந்தத்தின் விவரங்கள் எழுதப்படும் காலம் உங்கள் காலம். ஆங்கிலத்தில் முப்பது நாற்பது பக்கம் வரும். தயவு செய்து யாராவது உட்கார்ந்து அதை முழுக்கப் படியுங்கள். விலை என்ன, மாற்ற வழி உண்டா, தகராறு எங்கே தீரும், சப்ளையை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்று பாருங்கள். அப்புறம் 'மீனவர்' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். வரலாறு படித்ததன் பயன் அதுதான்.